அரசுக் கல்லூரியில் அலைடு ஹெல்த் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

+2 ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சலிங் முடிகிற வரைக்கும் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். அரசு மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்துவிட்டு அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். அதனால் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ரத்தப் பரிசோதனைக்கு வரும் அம்மாக்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுக் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

"பாராமெடிக்கல்னு சொல்றாங்க, அலைடு ஹெல்த்னும் சொல்றாங்க. ரெண்டும் வேற வேறயா? நர்சிங்கும் இதுல வருமா?"

இரண்டும் ஒன்றுதான். பாராமெடிக்கல் என்பது பழகிப்போன பெயர். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய அலைடு மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்த பிறகு அலைடு ஹெல்த் என்ற பெயர் நிலைத்தது. அந்தச் சட்டம் 10 பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பட்டியலிடுகிறது. லேப், எக்ஸ்ரே, ரேடியோதெரபி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி (பார்வைப் பரிசோதனை) எல்லாம் அதில் வரும்.

நர்சிங்குக்கும் பார்மசிக்கும் தனித்தனி கவுன்சில்கள் உண்டு, அவை இந்தச் சட்டத்தில் சேராது. ஆனால் தமிழ்நாட்டில் இவற்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வுக் குழுதான் விண்ணப்பம் வாங்குகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"நான் நீட் எழுதவே இல்ல அக்கா. எனக்கு சீட் கிடைக்குமா?"

கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு +2 இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போட்டு வந்திருக்கிறார்கள். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தாலும் சரி. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிசியோதெரபி போன்ற சில படிப்புகளுக்கு நீட் தேவைப்படலாம் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், அங்கே நீட் மதிப்பெண் கேட்பார்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில், சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுவுக்குப் போகும். 69 விழுக்காடு இடஒதுக்கீடு இங்கும் உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (இதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினர் 1. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

"எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டினா சென்னை கிண்டியில போய்ப் படிக்கணுமா?"

வேண்டாம். 1987-ல் சட்டம் போட்டு, 1988-ல் செயல்படத் தொடங்கிய இணைவுப் பல்கலைக்கழகம் அது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அங்கிருந்து வரும். வகுப்பும் பயிற்சியும் உங்களுக்கு ஒதுக்கப்படும் கல்லூரியிலும் அதன் மருத்துவமனையிலும் நடக்கும். அது மதுரையாகவும் இருக்கலாம், தஞ்சாவூர், திருநெல்வேலி, சென்னை மருத்துவக் கல்லூரியாகவும் இருக்கலாம்.

கவுன்சலிங்கில் முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு பண்ணுங்கள், அப்புறம் கல்லூரி. அதே படிப்பு இரண்டு கல்லூரிகளில் கிடைத்தால், நோயாளிகள் அதிகம் வரும் பழைய மருத்துவமனை உள்ள இடத்தை எடுங்கள். கட்டடம் பழசாக இருக்கும், ஹாஸ்டல் சுமாராக இருக்கும். ஆனால் மலேரியா ஒட்டுண்ணியைப் படத்தில் பார்த்துப் படிப்பதற்கும், காய்ச்சலோடு வந்தவரின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிய பூச்சில் நீங்களே தேடிக் கண்டுபிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

"எவ்வளவு செலவாகும்? எங்களால முடியுமா தெரியல."

அரசுக் கல்லூரியில் வருஷத்துக்கான கல்விக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். ஹாஸ்டல், மெஸ், புத்தகம், வெள்ளை கோட்டு, ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்தால்தான் தொகை கூடும். முதல் வருஷப் புத்தகங்களைச் சீனியர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை தனி. கல்லூரியில் சேர்ந்த வாரமே உதவித்தொகை பார்க்கும் கிளார்க் யார் என்று விசாரித்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

"எல்லாத்துலயும் எது நல்ல கோர்ஸ்? எதை எடுத்தா உடனே வேலை?"

எல்லாரும் கேட்பது இதுதான். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டு எடுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். லேப் என்றால் நோயாளியோடு பேச்சு குறைவு, கவனம் அதிகம். ஒரு உதாரணம். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. ரத்தம் உறையாமல் இருக்க அதில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தைப் பொட்டாசியம் உப்பாகப் போட்டிருப்பார்கள். வேதிப் பரிசோதனைக்கான சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் வார்டில் மருத்துவர் மருந்து கொடுப்பார். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (இதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான்) என்ற கணக்கு தப்பினால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில் நாள் முழுக்கச் சலிக்காமல் இருப்பீர்களா என்று யோசியுங்கள்.

டயாலிசிஸ் இதற்கு நேர் எதிர். அதே நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வருஷக் கணக்கில் வருவார். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று வைத்தால் ஒரு அமர்வில் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் இயந்திரத்தின் வழியாகப் போகும், அதற்கான நீரின் சுத்தம் உங்கள் பொறுப்பு. நடுவில் ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் பார்ப்பதும் நீங்கள்தான். அவர் வீட்டுக் கதை எல்லாம் உங்களுக்குத் தெரியும், ஒரு நாள் அவர் வராமல் போவதும் தெரியும். மனிதர்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு நல்ல படிப்பு.

ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜியில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். பெர்ஃப்யூஷன் என்பது இதய அறுவை சிகிச்சையின்போது இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது. பொறுப்பு பெரியது, இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஊர்களில் மட்டுமே வேலை. பிசியோதெரபிக்குப் பொறுமையும் உடம்பில் தெம்பும் வேண்டும். படிப்புக் காலம் பெரும்பாலான பி.எஸ்சி.களுக்கு மூன்று வருஷமும் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பும். பிசியோதெரபி அதைவிட நீளம். உடனே வேலை என்று பார்த்தால், சின்ன ஊரிலும் ஆள் தேவைப்படுவது லேபுக்கும் எக்ஸ்ரேக்கும். தனியார் இடங்களில் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல எல்லாம் எப்படிப் படிக்கிறது?"

முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். ஆங்கில இலக்கணம் அங்கே பெரிய தடையாக இருக்காது. புதுச் சொற்கள்தான் தடை. அன்றன்று பத்துச் சொல்லைத் தனி நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலையே சொல்ல வராமல் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லை ஒருமுறைகூட வாயால் சொல்லிப் பார்க்காதவர்கள்.

பள்ளியில் 35 எடுத்தால் பாஸ். இங்கே எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாகப் பாதி மதிப்பெண் வேண்டும். இது தெரியாமலேயே பலருக்கு முதல் வருஷம் அரியர் விழுகிறது.

"டிகிரி எதுக்கு? ரெண்டு வருஷ டிப்ளமோ போட்டா சீக்கிரம் சம்பாதிக்கலாம்ல?"

வீட்டு நிலைமை நெருக்கடியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். டி.எம்.எல்.டி. என்ற இரண்டு வருஷ லேப் டிப்ளமோவும், டயாலிசிஸ், ஈ.சி.ஜி., அவசர சிகிச்சை போன்ற ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்புகளும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. அதே தேர்வுக் குழு தனியாக விண்ணப்பம் கேட்கும்.

யோசிக்க வேண்டியது பின்னால் வருவதை. 2021 சட்டம் அலைடு ஹெல்த் தொழிலர் என்பதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், சுகாதாரத் தொழிலர் என்பதற்குக் குறைந்தது 3,600 மணி நேரமும் என்று வரையறுத்திருக்கிறது. மேல்படிப்பு, கற்பிக்கும் வேலை, வெளிநாடு என்று எண்ணம் இருந்தால் டிகிரிதான் வழி. அரசு வேலையில் மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி போகும், அதைக் கீழே சொல்கிறேன்.

"எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். சேரலாமா?"

சேரலாம். முதல் தடவை தியேட்டரிலோ ரத்தம் எடுக்கும் இடத்திலோ தலை சுற்றுவது பலருக்கு நடக்கும். சாப்பிடாமல் போகாதீர்கள். சுற்றுகிற மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பழகிவிடுகிறது. அப்படியும் பழகாதென்று தோன்றினால் ஆப்டோமெட்ரி, கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சி போன்றவை இருக்கின்றன.

"ஆஸ்பத்திரியிலேயே இருந்தா எதாவது நோய் ஒட்டிக்காதா? ஊசி குத்திட்டா?"

பயம் நியாயமானது. கல்லூரியில் சேர்ந்ததும் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இரண்டோடு நிறுத்திவிடும் பிள்ளைகள் நிறைய. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்த்தால் 10 mIU/mL-க்கு மேல் இருக்க வேண்டும்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள், குத்துவது பெரும்பாலும் அப்போதுதான். குத்திவிட்டால் விரலைப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் சிறப்பு, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழும் முதலாண்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

"பொண்ணுக்கு எக்ஸ்ரே படிப்பு கிடைச்சிருக்கு. ரேடியேஷன்னால கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தை பிறக்கிறதுல பிரச்சினை வருமா?"

அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. விதிப்படி வேலை செய்தால் பயப்பட வேண்டியதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஈயக் கவசத்துக்கு உள்ளே, மார்பில் ஒரு டி.எல்.டி. பேட்ஜ் அணிவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று அளப்பார்கள். பேட்ஜை மேசை டிராயரில் போட்டுவிட்டு வேலை செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதை மட்டும் உங்கள் மகள் கற்றுக்கொள்ள வேண்டாம். தூரமும் ஒரு கவசம்தான். தூரம் இரண்டு மடங்கானால் படும் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும். கர்ப்பமானால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கருவுக்கென்று தனி வரம்பு இருக்கிறது, வேலையை மாற்றிக் கொடுப்பார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. அங்கே ஆபத்து வேறு: ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், காந்தம் இழுத்து இறந்தே போனார். யாரை உள்ளே விடுவது, எதைக் கழற்றச் சொல்வது என்பது அங்கே டெக்னீஷியன் கையில் இருக்கிறது.

"இன்டர்ன்ஷிப்ல அட்டெண்டர் வேலை வாங்குறாங்க. யார்கிட்ட சொல்றது?"

சாம்பிள் எடுத்து வருவது, ரிஜிஸ்டர் எழுதுவது, வார்டுக்குப் போய்ப் பேர் சரிபார்ப்பது எல்லாம் தொழிலின் பகுதி. பேர் மாறிய குழாய் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று மேலே குழாய்கள் பற்றிச் சொன்னதை வைத்தே யோசியுங்கள். ஆனால் வருஷம் முழுக்க அது மட்டும்தான் என்றால் சரியில்லை. பயிற்சி வருஷம் உங்களுடையது. எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்ற சுழற்சிப் பட்டியலைத் துறைத் தலைவரிடம் நாலு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போய்ப் புகார் சொன்னால் எடுபடுவது கஷ்டம். செய்த வேலையைப் பதியும் லாக் புக்கில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

"அரசு சீட் கிடைக்கல. பக்கத்து ஊர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஆறு மாசத்துல லேப் டெக்னீஷியன் ஆக்குறேங்கிறாங்க. சேரட்டுமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, அந்தச் சான்றிதழோடு வேலை கேட்டு வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து எங்கேயும் பதிவு செய்ய முடியவில்லை.

தனியார் கல்லூரி என்றால் நீங்கள் சேரும் படிப்பின் பெயர், அந்த வருஷத்து இணைப்பு இரண்டும் பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருக்கும், அந்தப் படிப்புக்கு இருக்காது, அப்படியும் நடக்கும். பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். தொலைநிலை, ஆன்லைன் வழியில் மேலே சொன்ன 2021 சட்டத்தில் வரும் படிப்புகளை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் சொல்லிவிட்டது. யார் விளம்பரம் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

"கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமா? டிகிரிக்கு மதிப்பு இருக்கா?"

தமிழ்நாட்டில் 2012-ல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை எம்.ஆர்.பி. என்பார்கள். லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், ரேடியோகிராபர், பிசியோதெரபிஸ்ட் பதவிகளுக்கு அதுதான் ஆள் எடுக்கிறது. தமிழ் மொழித் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இது தவிர தேசிய சுகாதார இயக்கத்தில் மாவட்ட அளவில் ஒப்பந்த வேலைகள், ரயில்வே, இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு.

மேலே டிப்ளமோ பற்றிச் சொன்னபோது நிறுத்தி வைத்தது இதுதான். சில பதவிகளுக்கு அறிவிப்பில் டிப்ளமோ அல்லது சான்றிதழ்ப் படிப்பையே தகுதியாகக் குறிப்பிடுவார்கள். டிகிரி படித்தவர் 'நான் மேலே படித்தவன்தானே' என்று விண்ணப்பித்து நிராகரிக்கப்படுவதுண்டு. உங்கள் பட்டம் அந்தத் தகுதிக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். டிகிரி முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளும் எழுதலாம் என்பது கூடுதல் வசதி.

"படிச்சு முடிச்சிட்டு சொந்தமா லேப் போடலாமா? பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாமா?"

லேப் நடத்தலாம், ரிப்போர்ட்டில் நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விட முடியாது. நோய்க்குறியியலில் முதுநிலை படித்த மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எக்ஸ்ரே மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அல்ட்ராசவுண்டை டெக்னீஷியன் தனியாக நடத்தவே முடியாது, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் அதில் கண்டிப்பானது. பிசியோதெரபி படித்தவர் கிளினிக் வைக்கலாம், ஆப்டோமெட்ரி படித்தவர் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கலாம்.

டாக்டர் பட்டம் பற்றிய சண்டை பிசியோதெரபியில்தான் நடக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக் கூடாது என்று கடிதம் அனுப்பிவிட்டு உடனே அதைத் திரும்பப் பெற்றது. லேப், எக்ஸ்ரே போன்ற படிப்புகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

"வெளிநாடு போகணும்னா என்ன பண்ணணும்?"

வளைகுடா நாடுகளில் சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் இருக்கும், பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவமாவது கேட்பார்கள். பிரிட்டனில் லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற வேலைகளுக்கு எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிய வேண்டும். அங்கே உங்கள் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணி நேரத்தையும் விவரமாகக் கேட்பார்கள். ஆகவே இன்டர்ன்ஷிப் லாக் புக், பாடத்திட்ட நகல், ஒவ்வொரு வருஷ மார்க் ஷீட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருஷம் கழித்துக் கல்லூரியில் கேட்டு வாங்குவது லேசில்லை.

"எம்.பி.பி.எஸ். கிடைக்காமத்தான் இதுல சேர்ந்தேன். மனசு ஒட்டவே இல்ல. விட்டுட்டு மறுபடி நீட் எழுதட்டுமா?"

நீட்டுக்கு இப்போது உச்ச வயது வரம்பு கிடையாது, எத்தனை முறையும் எழுதலாம். மருத்துவராக வேண்டும் என்பது உண்மையான ஆசை என்றால் எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுவில் விலகினால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதற்கும் விலகல் கட்டணத்துக்கும் என்ன விதி என்று விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் வருஷம் முழுக்க வகுப்பறையிலேயே கழிவதுதான். மேலே சொன்ன குழாய், டயாலிசிஸ், பேட்ஜ் எதுவும் அப்போது கண்ணில் படாது. துறையில் அனுமதி கேட்டு, மாலை நேரத்தில் லேபிலோ டயாலிசிஸ் அறையிலோ ஓரமாக நின்று பாருங்கள். கேட்டால் சீனியர்கள் மறுக்க மாட்டார்கள், எங்கள் லேபில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் ஒரு பூச்சு போடக் கற்றுக் கொடுப்பேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ளுங்கள். அதுவரை முதலாண்டுத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டி, தேர்வையும் எழுதிவிடுங்கள்.